உள்ளே ஆளிருக்கு

இன்னிக்கு இடிக்க முடியாது மேடம். உள்ளே ஆளிருக்கு.

ஐயோ, நான் எங்க தடுத்தேன்? பேப்பரைக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன். கைநாட்டு வேணாம், எழுதத் தெரியும். பெங்களூர்ல இருபத்திரண்டு வருஷம் நோட்டுல வண்டி நம்பர் எழுதினவன் நான். ஒரே ஒரு நாள்தான் கேக்குறேன். இன்னிக்கு அவளுக்கு நாலாவது நாள். நாளைக்குக் காலைல குளிச்சிட்டு வெளிய வந்துடுவா. அதுக்கப்புறம் உங்க ஆளுங்க மூணு பேர் எதுக்கு, முதல் கல்லை நானே தள்ளுறேன்.

ஆமா, என் சம்சாரம்தான். ஜுனா.

உங்க ஆளுங்களைக் குழாயடில உக்காரச் சொல்லுங்க. டீயா? என் வீட்ல போட ஆளில்ல மேடம், போடுறவதான் உள்ளே இருக்காளே. பக்கத்து வீட்ல சொல்றேன். நீங்க இந்தக் கல்லு மேல உக்காருங்க, இங்கதான் வெயில் விழுது. ஏறி வந்த மூச்சு இன்னும் உங்களுக்கு அடங்கல. தன்கடிப் பக்கமா? பேச்சுலயே தெரியுது. சமவெளி ஆளுங்க எங்க அச்சாம் மலை ஏறினா கன்னம் ரெண்டும் தக்காளி ஆயிடும். கோவிச்சுக்காதீங்க, என் பொண்ணு வயசு உங்களுக்கு. இருந்திருந்தா.

சட்டம் தெரியும் மேடம். ரேடியோல தினம் சொல்றாங்க. தீட்டு நாள்ல பொம்பளையை முட்டுக்குடிசைக்கு அனுப்பினா மூணு மாசம் ஜெயில். நான் அனுப்பலயே. அதை உங்களுக்கு எப்படிப் புரிய வெக்கிறது.

கீழ ஊர்ல போன வருஷம் பதினோரு குடிசை இடிச்சாங்க. உங்களுக்கு முன்னால இருந்த சார்தான் இடிச்சாரு. மாலை போட்டாங்க. பொம்பளைங்க கையில சுத்தியலைக் குடுத்து முன்னால நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. அடுத்த மாசம் அந்தப் பொம்பளைங்க எங்க படுத்தாங்க தெரியுமா? நீங்க வர்ற வழியில ஆத்துக்கு மேல ஒரு பாறை துருத்திக்கிட்டு நிக்கும், கீழ நீல பிளாஸ்டிக் கட்டியிருக்கும். ஆட்டுப்பட்டின்னு நெனச்சிருப்பீங்க. ஆடு இல்ல மேடம். குடிசை இருந்தப்போ பாம்பு வாசப்பக்கமாத்தான் வரும், இப்ப நாலு பக்கமும் வருது. இடிக்க வேணாம்னு நான் சொல்லல. இடிங்க. இடிச்சதும் முடிஞ்சுடுச்சுன்னு எழுதிக்காதீங்க, அவ்வளவுதான் சொல்றேன்.

இருமுறது அவதான். பச்சை விறகு, புகையும். உலர்ந்ததா நானே பொளந்து வாசல்ல வெச்சிட்டு வருவேன், அதைத் தொடவே மாட்டா. காட்டுக்குப் போய் ஈர விறகா பாத்துப் பாத்துப் பொறுக்கிட்டு வருவா. ஏன்னு கேட்டா, பொண்ணுக்கு இதைத்தானே குடுத்தேன்னு சொல்லுவா.

வயசா? அம்பத்திரண்டு.

நீங்க படிச்சவங்க, உடனே கணக்குப் போட்டுட்டீங்க. ஆமா, நின்னுபோச்சு. மூணு வருஷமாச்சு. எங்க பொண்ணு செத்த மாசத்தோட நின்னுபோச்சு, அப்புறம் வரவே இல்ல. அப்புறம் எதுக்கு உள்ளே இருக்கான்னுதானே கேக்குறீங்க? அவ போறது அவ நாளுக்கு இல்ல மேடம். பொண்ணோட நாளுக்கு. சுவத்துல கரியால கோடு போட்டு எண்ணுவா. இருபத்தெட்டுக் கோடு. எண்ணி முடிச்சதும் கம்பளியைச் சுருட்டிக்கிட்டு, கேழ்வரகு ரொட்டி நாலைத் துணில முடிஞ்சுக்கிட்டுக் கிளம்பிடுவா. பாலு, தயிரு, நெய் எதையும் தொடமாட்டா. குழாயைத் தொடமாட்டா. பொண்ணு தனியா இருப்பா, நான் போய்த் துணைக்கு இருக்கேன்னு சொல்லுவா. எதோ சந்தைக்குப் போற மாதிரி சொல்லுவா.

முதல் மாசம் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு ஊரே சொல்லுச்சு. சாமியாடியைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு உடம்பை உதறி ஆடினாரு, அரிசியை வாரி எறிஞ்சாரு, அப்புறம் குடிசைப் பக்கமா மூஞ்சியைத் திருப்பினவரு அப்படியே நின்னுட்டாரு. ஆட்டம் நின்னுபோச்சு. கோழியைக்கூட வாங்கிக்காம போயிட்டாரு. எங்க சாமியாடி கோழியை விட்டுட்டுப் போனதை நான் என் ஆயுசுல பாத்ததில்ல. இப்ப எந்தப் பொம்பளையும் இந்தப் பக்கம் வர்றதில்ல. அந்தக் குடிசைக்கு இவ ஒருத்திதான்.

என் பொண்ணு எப்படிச் செத்தான்னு உங்க பேப்பர்லயே இருக்குமே. மன்சரா போஹரா. பதினேழு. பத்தாவது. புகை மூட்டத்தால மூச்சுத் திணறி மரணம். கேஸ் அப்பவே முடிஞ்சுது. வந்த போலீஸ்காரரு நல்ல மனுஷன், என் தோளைத் தட்டிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே தீ மூட்டக் கூடாதுன்னு பொம்பளைங்களுக்குச் சொல்லி வையுங்கன்னாரு. சரிங்கன்னு தலையாட்டினேன்.

அன்னிக்குப் பனி விழுந்துச்சு மேடம். தை மாசம். சாயங்காலம் குழாயடில வெச்சுத்தான் மன்சராவுக்குத் தீட்டு வந்தது தெரிஞ்சுது, குடத்தை அப்படியே வெச்சிட்டுத் தள்ளி நின்னா. அம்மா, இன்னிக்கு மட்டும் எருமைக் கொட்டில்ல ஒரு மூலைல படுத்துக்கிறேன்னா. குளிரு எலும்பைக் கடிக்குது, பரீட்சைக்குப் படிக்கணும், பூகோளம் இன்னும் பாதிகூட முடியலன்னா. ஜுனா முடியாதுன்னுட்டா. எருமை கன்னு போட்டு பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு. பாலுக்குப் பதிலா ரத்தம் கறந்துச்சுன்னா நீயா பதில் சொல்லுவேன்னு கேட்டா. எருமை என்னை ஒண்ணும் கேக்கலயே, நீதான் கேக்குறேன்னு மன்சரா பதில் குடுத்தா. குழாயடில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஜுனாவுக்கு மானம் போச்சு. ஈர விறகுக் கட்டைத் தூக்கி அவ முன்னால எறிஞ்சிட்டு, போடி, வாயாடின்னா. ஊரே கேட்டுச்சு. அதனாலதான் மூணு வருஷமா ஊரு ஜுனாவைச் சொல்லுது. பெத்தவளே அனுப்பினா, எருமைக்காகப் பொண்ணைக் குடுத்தான்னு. அவ தம்பி பொண்டாட்டி இன்னும் அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டா.

நானா? நானும் அங்கதான் நின்னேன். கையைக் கட்டிக்கிட்டு.

நான் சொல்லியிருக்கலாம். சொல்றதுக்கு என்கிட்ட காரணமும் இருந்துச்சு. சொல்லட்டுமா? சிரிக்காதீங்க. பெங்களூர்ல நான் காவல் இருந்த அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடில ஒரு குடும்பம். ஒரு நாள் அந்தம்மா ஒரு தட்டு நிறைய எள்ளுருண்டை கொண்டுவந்து, பகதூர், எடுத்துக்கோன்னாங்க. அங்க எனக்குப் பேரே பகதூர்தான், எங்க மலையிலேர்ந்து போற அத்தனை பேருக்கும் அங்க அதே ஒரே பேருதான். ரெண்டு உருண்டை எடுத்துத் தின்னேன். வெல்லம் போட்டது, நல்லா இருந்துச்சு. என்னம்மா விசேஷம்னேன். எங்க பொண்ணு பெரிய மனுஷியாயிட்டான்னாங்க. மாடில ஷாமியானா, மைக் செட், அந்தப் பொண்ணைப் பட்டுப் பாவாடை கட்டி நாற்காலில உக்கார வெச்சு ஆளாளுக்குக் கன்னத்துல சந்தனம் தடவுறாங்க. முதல் தீட்டுக்கு மேடம்! எனக்கு நாக்குல இருந்த எள்ளு கசந்துபோச்சு. அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் பின்னால போய் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். மூணு நாள் கையைக் கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன், எப்ப நடுங்க ஆரம்பிக்கும்னு. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க, கை நடுங்கும், கண்ணு மங்கும், புலி வீட்டுக்குள்ள வரும்னு. ஒண்ணும் நடக்கல. புலியும் வரல. மூணாவது மாடில அந்தம்மா மாசம் முப்பது நாளும் அடுப்படில நின்னாங்க, அவங்க வீட்டுப் பால் திரிஞ்சதே இல்ல.

அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்ன செஞ்சேன்? பஸ் ஏறி, எல்லை தாண்டி, மலை ஏறி ஊருக்கு வந்ததும் தெரிஞ்சதைக் கீழயே விட்டுட்டு வந்தேன். ஆம்பளைக்கு அது சுலபம் மேடம். நமக்கு எதுவும் செலவாகாது. தெரியாதவன் பேசாம இருந்தா அது வேற. தெரிஞ்சவன் கையைக் கட்டிக்கிட்டு நின்னா அதுக்கு என்ன பேருன்னு இந்த மூணு வருஷமா யோசிக்கிறேன்.

டீ வந்துடுச்சு, எடுத்துக்கங்க. இஞ்சி போட்டிருக்காங்க. இல்ல, எனக்கு வேணாம்.

மெல்லப் பேசணுமா? எதுக்கு? நீங்க வேணா மெல்லப் பேசுங்க. எனக்கு ராத்திரிக் காவல் தொண்டை, குறைக்க வராது.

உள்ளே என்ன செய்றான்னா... பேசுவா. அதுதான் ஊரைப் பயமுறுத்துறது. குனிஞ்சாத்தான் நுழைய முடியும் அந்த வாசல்ல, உள்ளே நிமிந்து உக்காரத்தான் இடமிருக்கும். அதுக்குள்ள உக்காந்துகிட்டுப் பேசுவா. தானாப் பேசிக்கிற மாதிரி இல்ல. ஒரு கேள்வி கேப்பா, அப்புறம் கொஞ்சம் இடம் விடுவா, ஒரு ஆள் பதில் சொல்ற அளவுக்கு. அப்புறம் ம்-னு கொட்டுவா. மறுபடி கேப்பா. ஒருக்கா நடுவுல சிரிச்சா. இதோ இந்தக் கல்லுல உக்காந்து நான் கேட்டேன். எனக்கு இவ குரல் மட்டும்தான் கேட்டுச்சு. பதில் கேக்கல. ஆனா அந்த இடைவெளி இருக்கு பாருங்க, அது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம். இல்லாத பதிலுக்கு எதுக்கு மேடம் ஒண்ணு நீளமாவும் ஒண்ணு குட்டையாவும் இடம் விடணும்?

எல்லாம் பேசுவா. எருமை செத்துப்போச்சுன்னுகூடச் சொன்னா. கடைசில மட்டும் ஒரே கேள்விதான். மாசாமாசம் அதே கேள்வி. கதவு திறந்துதானே இருந்துச்சு கண்ணு, ஏன் நீ வெளிய வரல? அம்மா மேல அவ்வளவு கோவமான்னு கேப்பா.

அதுக்கு மட்டும் ம் கொட்டினதே இல்ல. அது முடியுற வரைக்கும் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் எழுந்து போய் ஆட்டுக்குத் தழை வெட்டுவேன்.

கதவா? மரக்கதவுதான். அதோட உள்பக்கம் நான்தான் சாணியும் செம்மண்ணும் குழைச்சுப் பூசுவேன். அவ உள்ளே போறதுக்கு முந்தின நாள், மாசாமாசம். ஏன்னா மண்ணு நிக்க மாட்டேங்குது. வீட்டுச் சுவத்துல பூசினது மூணு வருஷமா அப்படியே இருக்கு. கதவுல மட்டும் அந்த நாலு நாளைக்கு முன்னால பொத்துன்னு விழுந்துடுது. முழுசா விழாது. ஒரே இடம். ஒரு பொண்ணு மண்டி போட்டா தோள் வர்ற உயரம். வைக்கோல் கலந்து பாத்தேன், உளுந்து அரைச்சுக் கலந்து பாத்தேன், சிமெண்ட் வாங்கிட்டு வந்துகூடப் பூசினேன். அதே நாள், அதே இடம், விழுந்துடுச்சு. குளிர்ல சுருங்குதுன்னு சொல்றீங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். வைகாசிலயும் விழுதே.

கதவுக்கு எதுக்கு மண்ணு பூசணும்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. மூணு வருஷத்துல ஒருத்தர் கேக்கல இதை. காத்து வராம இருக்கன்னு வெச்சுக்கங்களேன்.

இந்த மாசம் பூசல.

கை வரல மேடம். மண்ணைக் குழைச்சிட்டேன். தட்டுல எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அது விழத்தான் போகுது, நான் பூசத்தான் போறேன், இன்னும் எத்தனை மாசம்னு தோணுச்சு. தட்டைக் கொண்டுபோய்க் கொய்யா மரத்தடில கொட்டிட்டேன். மறுநாள் அவ கம்பளியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா. நாலு நாளாச்சு. இந்த வாட்டி அவ பேசவே இல்ல. ஒரு கேள்விகூடக் கேக்கல. இருமல் மட்டும்தான்.

இருங்க, சொல்றேன். நீங்க அவசரப்படாதீங்க. உங்களுக்கு நாலு மணிக்குத்தானே ஜீப்பு.

மன்சரா போறதுக்கு முந்தின வருஷம், கீழ ஊர்ல ஒரு பொண்ணு முட்டுக்குடிசைல இருந்தா. கல்யாண ஊர்வலத்துல குடிச்ச ஒருத்தன் உள்ளே பூந்துட்டான். பகல்ல அவ நிழல் பட்டா குளிக்கிறவன். அந்தப் பொண்ணு கத்தினது அக்கம்பக்கத்துக்குக் கேட்டுச்சு. கிட்டப் போனா தீட்டுன்னு ஒருத்தரும் போகல. இதை எனக்கு போன்ல சொன்னாங்க. பெங்களூர்ல அந்த அபார்ட்மெண்ட் கேட்டுல உக்காந்து கேட்டேன். நானூறு பேரோட கதவை நான் காக்குறேன், என் பொண்ணு தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால படுக்குறாளேன்னு தோணுச்சு. அந்தக் குளிருக்கு ஊருக்கு வரும்போது பெங்களூர்லயே ஒரு தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்தேன். நல்ல கனம். முட்டியும் தேஞ்சுபோச்சு, இனிமே வேலைக்குத் திரும்பல, வீட்டோட இருக்கப்போறேன்னு வந்தேன்.

உள்பக்கம் போடத்தான் பாத்தேன். நிலைமரம் உள்பக்கம் உளுத்துக் கிடந்துச்சு, திருகாணி பிடிக்கல. வெளிப்பக்கம் கெட்டி மரம். சரி, வெளிய போடுவோம், ராத்திரி நான் பூட்டுறேன், விடிகாலைல நான் திறக்குறேன்னேன். குடிகாரன் வந்தா எங்கிட்ட வரட்டும்னேன். மன்சராதான் திருகாணியை ஒண்ணொண்ணா எடுத்து என் கையில குடுத்தா. அப்பா, பெங்களூர்ல கேட்டு காத்தீங்க, இப்ப எங்க முட்டுக்குடிசைக்கும் ட்யூட்டியா, சம்பளம் யாரு தருவான்னு கேட்டா. வாய் ரொம்ப அவளுக்கு. அப்புறம் கேட்டா, ராத்திரி அவசரம்னா என்னப்பா பண்றது? தட்டு, நான் வந்து திறக்கிறேன்னேன். தூங்கிட்டீங்கன்னா? அடியே, இருபத்திரண்டு வருஷமா ராத்திரில தூங்காதவன்டி உங்கப்பன்னேன்.

ஜுனாவுக்கும் தெரியும் அந்தத் தாழ்ப்பாள். அன்னிக்கு ராத்திரி அதைப் போட மறந்துட்டேன்னு அவகிட்ட சொன்னேன். கதவு திறந்துதான் இருந்துச்சுன்னு. போலீஸ்கிட்டயும் அதுதான். உங்க பேப்பர்லயும் அதுதான் இருக்கும்.

மறக்கல மேடம். போட்டேன்.

கையால போடல. தீட்டு ஒட்டிக்குமே. தள்ளி நின்னு என் காவக்காரக் கம்பு நுனியால தாழ்ப்பாளைத் தள்ளினேன். டக்குன்னு விழுந்துச்சு. உள்ளேருந்து, குட்நைட் பகதூர்னு சொன்னா. பெங்களூர்க்காரங்க மாதிரி, கிண்டலா.

தட்டினா.

ஆமா, கேட்டுச்சு எனக்கு. செவிடன் இல்லயே நான். எங்க வேலைல ஒரு பழக்கம் இருக்கு. முன் கேட்டுல ஒருத்தன், பின் கேட்டுல ஒருத்தன். ரெண்டு பேரும் ராத்திரி பூரா முழிக்க முடியாது, அது யாராலயும் முடியாது, முதலாளிக்குத் தெரியாம மாத்தி மாத்தித் தூங்குவோம். முழிச்சிருக்கிறவன் மணிக்கு ஒருக்கா கம்பால இரும்புல மூணு தட்டு தட்டுவான். நான் இருக்கேன், ஒண்ணும் ஆபத்தில்ல, நீ தூங்குன்னு அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் மேடம். அந்த மூணு தட்டு காதுல விழுந்தாத்தான் என் உடம்பு தளரும். தாலாட்டு மாதிரி. மன்சராவும் மூணுதான் தட்டினா. கொஞ்சம் விட்டு மறுபடி மூணு. அரைத் தூக்கத்துல எனக்குப் பின் கேட்டுன்னுதான் தோணுச்சு. ஒண்ணும் ஆபத்தில்ல. நீ தூங்கு. அது வேகவேகமா ஆச்சு. அப்புறம் கணக்கில்லாம தட்டினா. நான் போர்வையை இழுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் நின்னுபோச்சு. அவ்வளவு நல்ல தூக்கம் எனக்கு அதுக்கு முன்னாலயும் வந்ததில்ல, பின்னாலயும் வந்ததில்ல.

சில நாள் யோசிப்பேன், நிஜமாவே பின் கேட்டுன்னுதான் நெனச்சேனா, இல்ல குளிர்ல எழுந்து போகச் சோம்பலா இருந்துச்சான்னு. தெரியல. அதை மட்டும் சாமி சத்தியமா எனக்கே தெரியல.

விடியறதுக்கு முன்னால போனேன். கம்பாலதான் தாழ்ப்பாளை இழுத்தேன், அப்பவும் கம்பாலதான். கதவு முழுசாத் திறக்கல. அவ கதவோட ஒட்டிக்கிட்டு இருந்தா. தள்ளித்தான் நுழைஞ்சேன். வாழ்க்கைல முதல் தடவையா ஒரு முட்டுக்குடிசைக்குள்ள போனேன், ஒண்ணும் ஆகல எனக்கு. கதவோட உள்பக்கம் பாத்தேன். மரத்துல அவ நகம்... வேணாம், நீங்க சின்னப் பொண்ணு. அடுப்புக் கரியால எழுதியும் வெச்சிருந்தா. பெருசா ஒண்ணுமில்ல. அப்பா-ன்னு. மூணு தடவை.

உடனே கத்தினேனான்னு கேளுங்க. கத்தல. கொட்டிலுக்குப் போனேன். சாணியும் செம்மண்ணும் குழைச்சேன். அவ அங்க கிடக்கும்போதே கதவுல பூசினேன். காயலயேன்னு ஊதினேன் மேடம், வாயால ஊதினேன். அப்புறம்தான் கத்தினேன். ஜுனா ஓடி வந்தா. என் கையெல்லாம் மண்ணு. பொண்ணை இழுத்து வெளிய போடத்தான் தரையைப் பிராண்டினேன்னு நெனச்சிட்டா. என் காலைக் கட்டிக்கிட்டு, நான்தான் அனுப்பினேன், நான்தான் கொன்னேன்னு அழுதா. அப்ப நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொன்னேன். கதவு திறந்துதான் இருந்துச்சுன்னு சொன்னேன்.

எனக்கு வேற பொய்யே கிடைக்கல. அந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவான்னு நான் யோசிக்கல. திறந்த கதவுக்குப் பின்னால பெத்த பொண்ணு ஏன் செத்தான்னு மூணு வருஷமா உக்காந்து கேக்குறா. அம்மா மேல இருந்த கோவத்துல வேணும்னே வெளிய வராம இருந்துட்டான்னு நம்புறா. ஊரு அவளைக் கொலைகாரின்னுது. நான் பக்கத்துல உக்காந்து சோறு திங்கிறேன்.

எழுதுங்க, எழுதுங்க. பேனா எடுத்துட்டீங்களே. மூணு மாசமோ முப்பது வருஷமோ, எங்க வேணா வந்து கையெழுத்துப் போடுறேன். உங்க ஆளுங்க இடிக்கும்போது அந்தக் கதவை மட்டும் உடைக்காம எடுத்துட்டுப் போங்க, அதுல எல்லாம் இருக்கு.

ஆனா ஒண்ணு மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. இதை நான் உங்களுக்குச் சொல்லல.

மூணு வருஷமா அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியல. வாயைத் திறப்பேன், ஆட்டைக் கட்டிட்டியான்னு கேப்பேன். அந்தக் குடிசை வெறும் கல்லு அடுக்கின சுவரு, நடுவுல பூச்சு கிடையாது. இங்க உக்காந்து மூச்சு விட்டாலே உள்ளே கேக்கும். யாராவது ஒருத்தர் வந்து எதிர்ல உக்காரணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வந்தீங்க.

மன்சரா தட்டினான்னு நான் சொன்னதுலேர்ந்து உள்ளே இருமல் சத்தமே இல்ல. கவனிச்சீங்களா?

எழுந்திரிக்காதீங்க. கதவுதான் அது. அவதான் திறக்குறா. நாளைக்குத்தானே குளியல், இன்னிக்கு வெளிய வரக்கூடாதே... இந்தப் பக்கம்தான் வர்றா. நேரா வர்றா. கையில என்னவோ இருக்கு, விறகா, வெறும் கையா, எனக்குக் கண்ணு சரியா தெரியல. சொல்லாதீங்க, வேணாம்.

உங்க ஆளுங்களைக் கிட்ட வர விடாதீங்க. நீங்களும் கொஞ்சம் தள்ளிக்கங்க மேடம். அவ என்னைத் தொடட்டும்.